இரண்டு சீசன் ஓட்டிய 6-71 ப்ளோயர்: காசுக்குத் தகுந்த பொருள்தானா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் என்னுடையது இல்லை. டெட்ராய்ட் பக்கம் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பெரியவருடையது. டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1970 ஷெவல், உள்ளே 454 கன அங்குல பிக் பிளாக் எஞ்சின், குடிப்பது மெத்தனால், பானட்டுக்கு மேலே பானை கவிழ்த்த மாதிரி ஒரு ப்ளோயர், அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற பம்ப். நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன், இடுக்கு அளக்கிற ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரியும், அந்த ஒரே தகுதியில் இரண்டு வருடமாக சனிக்கிழமைகளில் அவர் கராஜில் எடுபிடி. மிலன் டிராக்வே என்ற பந்தயத் தடத்தில் கால் மைல் நேர் ஓட்டம் ஓட்டுவோம். நல்ல நாளில் 9.4 செகண்ட். இப்போது சீசன் முடிந்து ப்ளோயர் மேசைமேல் பிரித்துக் கிடக்கிறது, அதனால் எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

பொருள்: செகண்ட் ஹேண்டில் வாங்கி ரீபில்ட் செய்த 6-71 ரூட்ஸ் ப்ளோயர். உள்ளே சுற்றுகிற இரண்டு ரோட்டரிலும் மூன்று மூன்று லோப், அதாவது புடைப்பு, 60 டிகிரி முறுக்கு, லோப் முனைகளில் டெஃப்லான் பட்டை. இதே பணத்துக்கு வேறு ரோட்டர் வாங்கியிருக்கலாமா என்று அவரும் நானும் எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம் என்று கணக்கே இல்லை. அந்தச் சண்டையில் நான் பாதி தோற்றேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பெயரிலேயே பாதிப் பேர் குழம்புகிறார்கள். 6-71 என்பது ப்ளோயரின் பெயரே இல்லை. 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த டூ ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினின் பெயர் அது: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். டூ ஸ்ட்ரோக் டீசல் தானாக மூச்சு இழுக்காது, யாராவது ஊதிவிட வேண்டும், அதற்காகப் பக்கவாட்டில் மாட்டியது இந்த ரூட்ஸ் ப்ளோயர். பஸ், லாரி, இரண்டாம் உலகப்போரில் கரையில் ஆட்களை இறக்கிய படகுகள் என்று எல்லாவற்றிலும் அந்த எஞ்சின் ஓடியது. போர் முடிந்ததும் இந்த டீசல் சாமான்கள் கையில் கிடைக்க, கலிஃபோர்னியா பையன்கள் அதைக் கழற்றி V8 தலையில் வைத்துப் பார்த்தார்கள். 1940களின் கடைசியில் பார்னி நவாரோ ஒரு 3-71ஐ ஃபோர்டு ஃப்ளாட்ஹெட்டில் மாட்டியதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். அப்புறம் 8-71, 10-71, 14-71 என்று ரோட்டர் நீளம் வளர்ந்துகொண்டே போனது. 14 சிலிண்டர் 71 எஞ்சின் என்று ஒன்று இருந்ததே இல்லை, அது வெறும் சைஸ் நம்பர். 6-71 ரோட்டர் 15 அங்குலம், 14-71 ரோட்டர் 19 அங்குலம்.

இந்தியானா மாநிலம் கானர்ஸ்வில்லில் ரூட்ஸ் சகோதரர்கள் இந்த வகை ப்ளோயருக்குக் காப்புரிமை வாங்கியது 1860இல். காரே இல்லாத காலம். அப்போது இது காற்று ஊதும் பம்ப், அவ்வளவுதான். இன்றைக்கும் அவ்வளவுதான், அதைக் கடைசியில்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் தடவை மூடியைத் திறந்து இரண்டு ரோட்டரையும் கையால் சுற்றிப் பார்த்தபோது எனக்குக் கரும்புச்சாறு மெஷின்தான் ஞாபகம் வந்தது. இரண்டு உருளை, எதிரெதிராகச் சுற்றுகிறது, நடுவில் காற்றை விட்டால் நசுக்கிக் கீழே தள்ளும், சரிதானே? தப்பு. காற்று நடுவில் போவதே இல்லை. மேலேயிருந்து வருகிற காற்று, லோபுக்கும் வெளிச் சுவருக்கும் இடையில் இருக்கிற குழியில் மாட்டிக்கொண்டு, சுவரை ஒட்டி வெளிப்பக்கமாகச் சுற்றிக் கீழே போகிறது. நடுவில் இரண்டு ரோட்டரும் பின்னிக்கொள்வது காற்று திரும்பி மேலே ஏறாமல் தடுக்க. இன்னொரு விஷயம், உள்ளே அழுத்தமும் ஏறுவதில்லை. வாளியில் மொண்ட மாதிரி அப்படியே கொண்டுபோய், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடுகிற மேனிஃபோல்டில் கொட்டுகிறது. குழி கீழே திறக்கிற அந்தக் கணத்தில், ஏற்கெனவே மேனிஃபோல்டில் அழுத்தமாக இருக்கிற காற்று குழிக்குள் எகிறி வந்து மோதுகிறது. காற்று அமுங்குவது அந்த மோதலில்தான். சூடு, சத்தம், வீணாகும் குதிரைத்திறன் எல்லாமே அங்கேதான் பிறக்கிறது.

இது புரிந்துவிட்டால் ரோட்டர் டிசைன் பற்றி விளம்பரத்தில் எழுதுகிற பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துவிடும். லோப் நேராக இருந்தால் குழி முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் படாரென்று திறக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு அடி விழுகிற மாதிரி. லோபை முறுக்கிவிட்டால் ஒரு முனையில் ஆரம்பித்து மெல்ல மெல்லத் திறக்கும், அடி பரவிவிடும். 71 குடும்பத்து ரோட்டர் 60 டிகிரி முறுக்கியிருப்பது அதற்காக. ஹை ஹெலிக்ஸ் என்று விற்பது அதைவிட அதிகமாக முறுக்கியது. இரண்டு லோபுக்குப் பதில் மூன்று லோப் என்றால் துடிப்பு சின்னதாகி எண்ணிக்கை கூடும். ஆனால் முறுக்கை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ரொம்ப முறுக்கினால் ஒரே குழி ஒரு முனையில் மேலே திறந்தும் இன்னொரு முனையில் கீழே திறந்தும் கிடக்கும், ஊதியதெல்லாம் திரும்பி வாயில் வந்துவிடும். அதிகம் முறுக்க வேண்டுமென்றால் லோபைக் கூட்ட வேண்டும்.

ப்ளோயர் செய்கிற ஈட்டன் நிறுவனம் செய்தது அதைத்தான். அவர்களுடைய பழைய எம் வரிசையில் மூன்று லோப், 60 டிகிரி. புதியதில் நான்கு லோப், 160 டிகிரி. பெயர் டிவிஎஸ். ஓசூர் டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இது ட்வின் வோர்டிசஸ் சீரிஸ். 2009 கார்வெட் Zஆர்1இல் 2.3 லிட்டர் சைஸில் வந்தது. 2020 ஷெல்பி ஜிடி500இல் இருப்பது 2.65 லிட்டர், 760 குதிரைத்திறன். என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் மஸ்டாங்கில் அதே 2.65 லிட்டர் யூனிட்டை மாட்டியிருக்கிறார், வார நாளில் ஆபீஸுக்கும் வாரக்கடைசியில் மிலனுக்கும் அதே கார். ஏசி போட்டுக்கொண்டு வந்து பதினோரு செகண்டுக்குள் ஓடிவிட்டு மறுபடி ஏசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பெட்ரோலில் ஓட்டுகிற, தெருவிலும் ஓட்டுகிற காருக்கு இதுக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார், அது வேறு விஷயம்.

நான் ஆரம்பத்தில் பெரியவரிடம் அடம்பிடித்தது ஸ்க்ரூ என்ற இன்னொரு வகை ப்ளோயருக்காக. 1930களில் ஸ்வீடனில் ஆல்ஃப் லிஷோம் என்ற எஞ்சினியர் உருவாக்கியது. இரண்டு ரோட்டரும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் உருண்டையான லோப், மற்றதில் அதற்கேற்ற பள்ளம். இரண்டும் பின்னும்போது நடுவில் இருக்கிற காற்று நீளவாக்கில் தள்ளப்பட்டுக் குறுகிக்கொண்டே போகும், ஈர வேட்டியை ஒரு முனையிலிருந்து முறுக்கிப் பிழிந்துகொண்டே போகிற மாதிரி. வெளியே வரும்போதே அமுங்கித்தான் வரும், ரூட்ஸில் நடக்கிற அந்த முரட்டு மோதல் இல்லை. டாட்ஜ் ஹெல்கேட், டீமன் எல்லாவற்றிலும் ஐஹெச்ஐ நிறுவனம் செய்த ஸ்க்ரூதான், டீமனில் 2.7 லிட்டர். காகிதத்தில் பார்த்தால் யாராக இருந்தாலும் ஸ்க்ரூதான் வாங்குவார்கள்.

காகிதக் கணக்கை நானே போட்டேன். வெளிக்காற்று 27 டிகிரி, அழுத்தம் இரண்டு மடங்கு, அதாவது வெளிக்காற்றுக்கு மேல் 14.7 பிஎஸ்ஐ அழுத்தம், அதைத்தான் பூஸ்ட் என்பது. ஒரு துளிகூட வீணாகாத ப்ளோயரில் காற்று 66 டிகிரி சூடேறும். 75 சதவீதத் திறன் உள்ள நல்ல ஸ்க்ரூவில் 88 டிகிரி ஏறும். எங்கள் பழைய ரூட்ஸுக்கு 55 சதவீதம் என்று வைத்தால் 120 டிகிரி. ஆக ஸ்க்ரூவில் 115 டிகிரிக் காற்று, ரூட்ஸில் 147. முப்பத்திரண்டு டிகிரி வித்தியாசம். அதை ஒரு பேப்பரில் எழுதி அவர் முன்னால் வைத்தேன், ஜெயித்துவிட்ட தோரணையில்.

அவர் பேப்பரைத் திருப்பி, பின்னால் ஒரு கேள்வி எழுதினார்: மெத்தனால் எங்கே?

ஆமாம், அதை விட்டுவிட்டேன். ஒரு கிலோ மெத்தனால் ஆவியாகச் சுமார் 1,100 கிலோஜூல் வெப்பம் வேண்டும், பெட்ரோலுக்கு 350 பக்கம் போதும். அதோடு மெத்தனால் ஊற்றுகிற அளவும் அதிகம். ஐந்து கிலோ காற்றுக்கு ஒரு கிலோ மெத்தனால் என்று ஓட்டினால், எல்லாம் ஆவியானால் காற்றிலிருந்து 200 டிகிரிக்கு மேல் உறிஞ்சும் சக்தி அதில் இருக்கிறது. நிஜத்தில் எல்லாம் ஆவியாகாது, பாதி திரவமாகவே சிலிண்டருக்குள் போகும், இருந்தாலும் நூறு டிகிரி. பன்னிரண்டு கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்றால் முழுசாக ஆவியானாலும் முப்பது டிகிரியைத் தாண்டாது. நான் பெருமையாகக் காட்டிய அந்த 32 டிகிரி பெட்ரோல் காரில் வாழ்வா சாவா. மெத்தனால் காரில் கடலில் கரைத்த பெருங்காயம்.

நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழைய யோசனை இன்னும் ட்ராக்கில் பிழைத்திருக்கிற ரகசியம் இதுதான். இந்தப் பந்தயத்தின் உச்ச வகையான டாப் ஃப்யூயல் கார்களில் 500 கன அங்குல எஞ்சின், எரிபொருளில் 90 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன். அங்கே விதியே ரூட்ஸ் மட்டும்தான், 14-71க்கு மேல் போகக்கூடாது, ரோட்டர் முறுக்கும் பழைய ஜிஎம் 71 அளவைத் தாண்டக்கூடாது. ஒஹாயோவில் நார்வாக் ட்ராக்கில் அதை நேரில் பார்த்தேன், நெஞ்சுக்கூடு தனியாக ஆடியது. (அங்கே ஒரு டாலருக்கு ஒரு பவுண்டு ஐஸ்க்ரீம் பிரசித்தம். வரிசையில் நின்று வாங்கினேன், முதல் கார் கிளம்பியதும் பாதி சட்டையில்.) அந்த ப்ளோயரைச் சுற்ற மட்டுமே பல நூறு குதிரைத்திறன் போகிறது, எங்கள் ஷெவல் எஞ்சினையே அதற்குத் தாரைவார்க்க வேண்டியிருக்கும். ப்ளோயர் வெடித்தால் துண்டுகள் பறக்காமல் இருக்க அகலமான நாடாக்களால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தலைப்பாகை மாதிரி இருக்கும்.

சரி, எங்கள் 6-71க்கு வருகிறேன்.

ரூட்ஸில் ரோட்டர் ஒன்றையொன்று தொடாது, சுவரையும் தொடாது. முன்னால் இருக்கிற டைமிங் கியர்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் சில தௌ இடைவெளி. கோவைப் பட்டறைகளில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்போம், தலைமுடி ஒன்று மூன்று தௌ இருக்கும். இடைவெளி கூடினால் அழுத்தக் காற்று அதன் வழியாக மேலே ஒழுகும், குறைந்தால் அலுமினியத்தை அலுமினியம் தின்னும். லோப் முனையில் நீளமாக ஒரு காடி வெட்டி அதில் டெஃப்லான் பட்டை சொருகினால், பட்டை சுவரை உரசி உரசித் தன் அளவுக்குத் தேய்ந்து உட்கார்ந்துகொள்ளும், ஒழுக்கு குறையும். விலை என்னவென்றால் பட்டை தேயும், மாற்ற வேண்டும். முதல் சீசன் ஆரம்பத்தில் 14 பிஎஸ்ஐ காட்டிய கேஜ், அதே புல்லியில், அதே பெல்ட்டில், அக்டோபரில் 11.5 காட்டியது. 9.4 ஓடிய கார் 9.7க்கு வந்தது. பட்டையைக் கழற்றிப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. தினமும் தெருவில் ஓட்டுகிற காருக்குப் பட்டை வைக்காதீர்கள், பட்டை இல்லாத ரோட்டரே போதும். வருடத்துக்கு நாற்பது ஐம்பது ஓட்டம் ஓடிவிட்டுக் குளிர்காலத்தில் பிரித்துப்போடுகிற காருக்குப் பட்டை கட்டாயம்.

இப்போது ரீபில்ட் செய்த கடை. முதல் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பார்சல் பளபளவென்று வந்தது, வெளிக்கூடான கேஸை பாலிஷ் போட்டிருந்தார்கள், கண்ணாடி மாதிரி. யாரும் பாலிஷ் கேட்கவில்லை. மாட்டி மூன்றாவது ஓட்டத்தில், பாதி ட்ராக் தாண்டியதும் உள்ளே ஒரு கீச்சுச் சத்தம், பெரியவர் உடனே காலை எடுத்துவிட்டார். காரை நிறுத்திச் சரிபார்க்கிற பிட்டில், ப்ளோயர் தலையில் இருக்கிற காற்று வாயான ஹேட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் ரோட்டர் முனைகளில் வெள்ளிச் சீவல். தேங்காய் துருவிய மாதிரி. முன்பக்கத் தட்டில் வட்டமாக ஒரு தேய்மானம், விரல் நகம் வைத்தால் மாட்டுகிறது. அந்தச் சீவல் கீழே எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்தோம். இரண்டு மாதம் போனது. ட்ரெய்லரில் திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் ரேடியோவைப் போடவில்லை.

காரணம் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகவில்லை. மேலே ஹேட்டில் மெத்தனால் ஊற்றினால் அது ரோட்டர்மேல் கொட்டிக் குளிர வைக்கும், ஈரம் இடைவெளியையும் கொஞ்சம் அடைக்கும். ஆனால் அந்த வருடம் நாங்கள் எல்லா சிலிண்டருக்கும் எரிபொருள் சமமாகப் போகட்டும் என்று பாதி நாசிலைக் கீழே, சிலிண்டருக்குக் காற்று நுழைகிற இன்டேக் போர்ட்டுக்கு மாற்றியிருந்தோம். ரோட்டருக்குக் குளியல் பாதியாகிவிட்டது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். 15 அங்குல ரோட்டர் கேஸைவிட 60 டிகிரி அதிகம் சூடானால் அரை மில்லிமீட்டர், அதாவது இருபது தௌ நீண்டுவிடும். கடைக்காரர்கள் முழுக்க ஹேட்டில் ஊற்றுகிற காருக்கு வைக்கிற இறுக்கத்தில் முனை இடைவெளியை வைத்திருந்தார்கள். அந்த ஆட்களிடம் கேட்டால், நீங்கள் சொல்லவில்லையே என்றார்கள். நாங்கள் சொல்லவில்லை, உண்மைதான். நீங்கள் கேட்கவில்லையே என்று பெரியவர் சொன்னார், அதுவும் உண்மைதான். பணம் திரும்ப வரவில்லை.

இரண்டாவது கடை ஒரு கொட்டகை. பாலிஷ் கிடையாது, ரசீது கையெழுத்தில். ப்ளோயரைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி: எரிபொருள் என்ன, எத்தனை சதவீதம் ஹேட்டில், எத்தனை கீழே? அடுத்து, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் வரை போகும், ஓவர்டிரைவ் எவ்வளவு, அதாவது எஞ்சினைவிட ப்ளோயர் எவ்வளவு வேகமாகச் சுற்றும். அப்புறம்தான் டேபிளில் வைத்தார்கள். ஷாஃப்ட் ரோட்டருக்குள் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் உலோக முளை அடித்தார்கள், பழைய யூனிட்டில் ஒரு பக்கம்தான் இருந்தது. திரும்பி வந்தபோது கூடவே ஒரு காகிதம், ஒவ்வொரு இடைவெளியும் தௌ கணக்கில் பேனாவால் எழுதியது, முன், பின், ரோட்டருக்கும் ரோட்டருக்கும் இரண்டு பக்கமும். நான் என் கேஜை வைத்துச் சரிபார்த்தேன், ஒரு இடத்தில் அரை தௌ வித்தியாசம், அது என் கையின் தப்பாகவும் இருக்கலாம். அந்த யூனிட்டோடு ஒரு முழு சீசன் ஓடினோம். சீவல் இல்லை, கீச்சு இல்லை.

ஹை ஹெலிக்ஸ் ரோட்டர் போடலாமா என்று அந்தக் கடையிலேயே கேட்டேன். கையில் எடுத்துப் பார்த்தால் முறுக்கு கண்ணுக்கே தெரிகிறது, கயிறு திரித்த மாதிரி. உங்கள் 454க்கு 14 பிஎஸ்ஐதான் வேண்டுமென்றால் புல்லி மாற்றினால் போதும், அந்தப் பணத்தை, சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற ஹெட் ஸ்டட்டில் போடு என்றார்கள். விற்க வேண்டியவனே வேண்டாம் என்று சொன்னால் நம்பலாம்.

ஸ்க்ரூ பற்றிய என் ஆசை முழுசாகப் போகவில்லை. மிலனில் பக்கத்து பிட்டில் ஒரு மெத்தனால் கார், ஸ்க்ரூ வைத்தது, ஒரு நாள் மேனிஃபோல்டில் பேக்ஃபயர் ஆனது, அதாவது எரிபொருள் அங்கேயே வெடித்தது. எங்களுக்கும் அது நடந்திருக்கிறது. வெடிப்பு வெளியேறக் கிழிவதற்கென்றே வைத்த பர்ஸ்ட் பேனல் கிழிந்தது, இரண்டு பட்டை பிய்ந்தது, அடுத்த வாரம் ஓடினோம். அவர்களுக்கு இரண்டு ரோட்டரும் ஒன்றோடொன்று இறுகி நின்றுவிட்டது, பட்டை என்று மாற்ற எதுவும் அதில் கிடையாது, ரோட்டர் ஜோடியே போனால் போனதுதான். அந்த விலையை அவர் சொன்னபோது பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஐஸ்பெட்டிக்குள் தண்ணி பாட்டில் தேடுவது மாதிரி குனிந்துகொண்டேன்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால் 6-71க்கு ஐந்தில் நான்கு, மெத்தனாலுக்கு மட்டும். பெட்ரோலில் இரண்டரை. முதல் கடைக்கு ஒன்று, அதுவும் பாலிஷுக்கு. இரண்டாவது கடைக்கு ஐந்து, பெயர் கேட்காதீர்கள், ஏற்கெனவே ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பழைய யூனிட் வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றாமல் பணம் கொடுக்க வேண்டாம். இரண்டு ரோட்டரையும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், எங்கேயாவது இறுகினால் ஷாஃப்டோ கேஸோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். லோப் முனையில் காடி வெட்டியிருக்கிறதா, வெட்டிய காடி ஓரம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஓரம் உடைந்த ரோட்டரில் பட்டை நிற்காது. கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், மினுமினுத்தால் அப்படியே மூடிவைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எங்களுடையது புதுப் பட்டைக்காக நாளை பார்சல் போகிறது. இந்தத் தடவை எரிபொருள் கணக்கை நானே தாளில் எழுதி, டேப் போட்டு கேஸ் மேல் ஒட்டியிருக்கிறேன்: ஹேட்டில் 60, போர்ட்டில் 40.